மக்கள் மொழி கற்ற மேய்ப்பர் அண்ட்ரிக் அடிகளார்

யூபிலி என்பது நன்றி செலுத்தும் காலம். நம் கோவிலுக்குக் கல் சுமந்தவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும், நமக்கு ஞானஸ்நானம் கொடுத்து நம் பெரியோரை மண்ணுக்குள் வழியனுப்பி வைத்த குருக்களையும் இவ்வேளையில் நாம் நன்றியோடு நினைக்கிறோம். அந்த வரிசையில், நம் பங்கில் ஒருநாளும் கால் வைத்திராத ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் 1600ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்துவிட்டவர். ஆயினும் நம்மில் ஒருவர் குருவானவரிடம் முழந்தாளிட்டுத் தம் சொந்தத் தமிழில் தம் பாவங்களை அறிக்கையிடும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கடன்படுகிறோம். அவரே அண்ட்ரிக் அடிகளார். போர்த்துக்கீசியப் பெயர் என்றிக்கே என்றிக்கஸ். அவருடைய நூலின் முகப்பில் அண்டிறிக்கிப் பாதிரியார் என்று தமிழாகியிருக்கிறது. நாம் அண்ட்ரிக் அடிகளார் என்றே அழைப்போம்.

தமிழ் எழுத்துக்களை முதன்முதல் அச்சேற்றியவர் என்று அவரைப் பலரும் அறிவர். அந்தப் புகழ் அவருக்கு உரியதே. ஆனால் அச்சு அவருடைய வாழ்வின் மாலைப்பொழுதில் வந்தது. அதற்கு முன் முப்பது ஆண்டுகள் அவர் செய்த வேலை என்ன, எதற்காக அத்துணை பாடுபட்டு நம் மொழியைக் கற்றார் என்பதை அறிந்தால்தான் அந்த அச்சுப் புத்தகத்தின் அருமை விளங்கும்.

பிறப்பும் அழைப்பும்

போர்த்துக்கல் நாட்டிலுள்ள வில்லா விசோசா என்னும் ஊரில் ஏறக்குறைய 1520ஆம் ஆண்டில் அடிகளார் பிறந்தார். அவருடைய முன்னோர் யூத மதத்திலிருந்து கிறிஸ்தவரானவர்கள். அக்காலத்துப் போர்த்துக்கலில் இத்தகையோரைப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று பிரித்துப் பேசுவார்கள். தலைமுறைகள் கடந்தாலும் அந்தப் பெயர் அவர்களை விடுவதில்லை. கோவிலில் பக்கத்தில் நின்று செபிப்பவரும், உள்ளத்தில் அவர்களை ஒரு படி கீழாகவே வைத்திருப்பார்.

இளைஞரான அண்ட்ரிக் துறவு வாழ்வை நாடி முதலில் புனித பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். ஆனால் அவருடைய குலம் தெரியவந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டியவரானார். செய்த குற்றம் ஒன்றுமில்லை. பிறந்த பிறப்பே குற்றமாயிற்று. பிறப்பைக் காட்டி மனிதரை ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று நாம் எண்ணிவிட வேண்டாம். கிறிஸ்துவின் பீடத்தருகிலும் அந்நோய் புகுந்ததுண்டு. வேறொருவராயிருந்தால் மனம் கசந்து வீடு திரும்பியிருப்பார். இவரோ கொயிம்ப்ரா பல்கலைக் கழகத்தில் படித்து, அங்கேயே 1545ஆம் ஆண்டில் சேசு சபையில் அடைக்கலம் புகுந்தார். அச்சபை தோன்றி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை நிறுவிய புனித இஞ்ஞாசியார் உரோமையில் தலைவராயிருந்தார். இந்தியாவிலோ புனித சவேரியார் உழைத்துக்கொண்டிருந்தார்.

சபையிற் சேர்ந்த மறு ஆண்டே, 1546இல், அண்ட்ரிக் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு இருக்கலாம். உடல் வலிமை குன்றியவர். நோய் அவரை அடிக்கடி வாட்டியது. இத்தகையவர் இந்த வெயிலிலும் மணலிலும் எத்தனை நாள் தாங்குவார் என்று அன்று யாரும் ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை. அவரோ ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தாங்கினார். சொந்த நாட்டை மீண்டும் காணவேயில்லை.

கடற்கரையில் ஒரு கிறிஸ்தவ மக்கள்

முத்துக்குளித்துறை என்பது வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலான ஊர்கள் வரிசையாய் அமைந்த கடற்கரை. அங்கு வாழ்ந்த பரதவர் முத்துக்குளித்தும், சங்கெடுத்தும், மீன் பிடித்தும் பிழைத்தவர்கள். 1530களில் அவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் ஞானஸ்நானத்துக்குப் பின் அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பெயரளவில் கிறிஸ்தவராய்ப் பல ஆண்டுகள் கழிந்தன.

1542இல் புனித சவேரியார் அங்கு வந்தார். அவர் செய்த முதல் வேலை, இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறை மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கியது. அவற்றைத் தாம் மனப்பாடம் செய்து, கையில் மணியை எடுத்துக்கொண்டு, தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் உபதேசியாரை ஏற்படுத்தினார். போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கி அவர்களுக்குச் சம்பளமாக்கினார்.

ஆயினும் மனப்பாடம் வேறு, மொழியறிவு வேறு. அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் எனக்கு வேண்டும் என்ற சொல் வந்துவிட்டது. பரம பிதாவை நம்புகிறேன் என்று சொல்வதாய் எண்ணிக்கொண்டு, பரம பிதா எனக்கு வேண்டும் என்று மக்கள் சொல்லிவந்தார்கள்! இதை அறிந்த சவேரியார் 1544இல் தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் செய்தார். அப்பெரிய புனிதர் தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது அவருடைய தாழ்ச்சிக்குச் சான்று. ஆனால் ஒரு சொல் தவறினால் விசுவாசமே தடம் மாறும் என்பதும் அதனால் வெளிப்பட்டது. சவேரியார் அங்கேயே தங்க முடியவில்லை. மலாக்காவும், மொலுக்குத் தீவுகளும், பின்னர் ஜப்பானும் அவரை அழைத்தன. அவர் விட்டுச்சென்ற இடத்துக்குத்தான் அண்ட்ரிக் அடிகளார் வந்தார்.

துபாசியின் வழியே ஒரு பாவசங்கீர்த்தனம்

வந்த புதிதில் அடிகளாருக்கு ஒரு சொல் தமிழும் தெரியாது. மற்றக் குருக்களைப் போல அவரும் துபாசி ஒருவரை வைத்துக்கொண்டே பிரசங்கம் செய்தார். துபாசி கடற்கரைப் போர்த்துக்கீசியம் தெரிந்தவர். வாணிபத்துக்கு அது போதும். விலை பேசலாம், கப்பல் வரவைக் கேட்கலாம். ஆனால் மனஸ்தாபம், தேவ இஷ்டப்பிரசாதம், திரித்துவம் என்று வரும்போது அவர் என்ன செய்வார்? தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தம் விருப்பம்போல் நிரப்புவார். குருவானவர் ஒன்று சொல்ல, மக்கள் வேறொன்றைக் கேட்டு வீடு திரும்புவார்கள்.

பிரசங்கமாவது பொதுவில் நடப்பது. பாவசங்கீர்த்தனத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவனிடம் அடிபடும் ஒரு பெண், வட்டிக்காரனிடம் சிக்கிய ஒரு மீனவர், அண்டை வீட்டானோடு பகைத்துக்கொண்டு உறங்க முடியாமல் தவிக்கும் ஒரு கிழவர்—இவர்கள் தம் உள்ளத்தின் அழுக்கைக் குருவின் செவியில் சொல்லவேண்டுமானால், இடையில் தம் ஊர்க்காரர் ஒருவரை நிறுத்தி அவர் காதில் முதலில் சொல்லவேண்டும். நாளை சந்தையில் அதே துபாசியின் முகத்தில் விழிக்கவும் வேண்டும். யார்தான் வாய் திறப்பார்? சொல்லாமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ! மன்னிப்பு கொடுக்கக் குரு இருந்தார்; பெறுவதற்கு மக்கள் இருந்தனர்; நடுவில் மொழி என்னும் சுவர் நின்றது.

அடிகளார் கண்ட துன்பம் இதுவே. இந்தச் சுவரை மக்கள் உடைக்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மீன் பிடிக்கும் மக்களைப் போர்த்துக்கீசியம் படிக்கச் சொல்வதா, படித்த குரு தமிழ் கற்பதா? வந்தவன்தான் கற்கவேண்டும் என்று தமக்குத்தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

மாணவரான குரு

இன்று தமிழ் கற்க விரும்பும் அந்நியருக்கு இலக்கண நூலும் அகராதியும் உண்டு. அன்று ஐரோப்பியர் கையில் ஒன்றுமே இல்லை. நம் புலவர்களின் இலக்கணங்கள் ஓலைச் சுவடிகளில் செய்யுள் வடிவில் இருந்தன. ஒரு சொல்லும் அறியாதவர் அவற்றினுள் நுழைவது எப்படி? ஆகவே அடிகளார் மக்களின் வாயையே பாடநூலாகக் கொண்டார். கேட்ட சொல்லை எழுதினார். தாம் முன்னர்ப் படித்த இலத்தீன் இலக்கண முறையைக் கைக்கோலாகக் கொண்டு, பெயர் எவ்வாறு வேற்றுமை ஏற்கிறது, வினை எவ்வாறு நேற்று இன்று நாளை என்று மாறுகிறது என வகைப்படுத்தினார். இரவும் பகலும் இதே வேலை.

அந்தக் காட்சியை நாம் மனக்கண்ணால் காணவேண்டும். மேலைநாட்டிற் கல்வி கற்றவர், மக்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும் குரு, எழுத்தறியாத மீனவர் முன்னும் சிறுவர் முன்னும் மாணவராய் அமருகிறார். நம் சிறப்பு ழகரத்தில் எந்த அந்நியருடைய நாவும் இடறும். தப்பாகச் சொல்லிப் பிறர் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளாமல் எந்த மொழியும் எவருக்கும் வந்ததில்லை. மொழி கற்பது அறிவு வேலை என்று சொல்வார்கள். அது தாழ்ச்சியின் வேலையும் ஆகும்.

ஓராண்டு கழிந்தது. 1548ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் வேம்பாற்றிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில், தாம் இப்போது தமிழிலேயே பேசுவதை அடிகளார் இஞ்ஞாசியாருக்குத் தெரிவித்தார். தொடக்கத்தில் தம் உச்சரிப்பு மக்களுக்குப் புரியாமற் போகலாம் என்று, தாம் தமிழில் சொன்னதை ஒருவர் மீண்டும் தமிழிலேயே தெளிவாகச் சொல்லும்படி ஏற்பாடு செய்துகொண்டார். துபாசி அப்படியே நின்றார். ஆனால் அவருடைய வேலை மாறிவிட்டது!

1549 ஜனவரியில் புனித சவேரியார் இஞ்ஞாசியாருக்கு எழுதுகையில், அண்ட்ரிக் தமிழைப் பேசவும் எழுதவும் வல்லவர் என்றும், மொழி தெரிந்த காரணத்தால் இருவர் செய்யும் வேலையை ஒருவராய்ச் செய்கிறார் என்றும், மக்கள் அவர்மேல் வியக்கத்தக்க அன்பு கொண்டிருக்கின்றனர் என்றும் பாராட்டினார். சவேரியாரின் வாயிலிருந்து இத்தகைய சொல் எளிதில் வராது.

தலைவரும் தண்டனையும்

அதே 1549ஆம் ஆண்டில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. முத்துக்குளித்துறைக் குருக்களின் தலைவர் அந்தோனி கிரிமினாலி அடிகள், இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் வடுகப் படையினரால் கொல்லப்பட்டார். பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றித் தப்புவிக்கும் முயற்சியில் தாம் தப்பாமல் கரையிலேயே நின்று ஈட்டிக்கு இரையானார். சேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவரே. அவருடைய இடத்துக்கு உடன் உழைத்த குருக்கள் அண்ட்ரிக் அடிகளாரைத் தேர்ந்தெடுத்தனர். 1576 வரை இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பு அவர் தோளில் இருந்தது. எந்தக் குலத்தைக் காட்டி ஒரு சபை அவரை வெளியேற்றியதோ, அந்தக் குலத்தில் பிறந்தவரே ஒரு மறைபரப்புத் தளத்தின் தலைவரானார்.

தலைவரானதும் அவர் வற்புறுத்திய காரியம் மொழி. தாம் கற்றது தம்மோடு மாயக்கூடாது என்று கருதினார். குருக்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு செய்யப்பட்டது. மறந்து போர்த்துக்கீசியத்தில் பேசிவிட்டவர் அதற்குச் சிறிது தபசு செய்ய வேண்டும்! பள்ளிக்கூடத்துச் சட்டம் போல் தோன்றினும், இதன் பின்னால் ஒரு நல்ல எண்ணம் உண்டு. மக்களிடம் பேசும்போது மட்டும் தமிழ், வீட்டுக்குள் போர்த்துக்கீசியம் என்றால், தமிழ் என்றும் வேலைக்காரர் மொழியாகவே இருந்துவிடும் அல்லவா?

சவேரியாரின் விருப்பத்துக்கிணங்க, பின்வரும் குருக்களுக்கு உதவியாக அடிகளார் ஓர் இலக்கணமும் எழுதினார். போர்த்துக்கீசியத்தில் விளக்கம், தமிழில் எடுத்துக்காட்டு. ஐரோப்பியர் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களில் இதுவே மிகப் பழையது. ஏட்டுத் தமிழைவிடக் கடற்கரை மக்கள் வாயில் வழங்கிய பேச்சுத் தமிழே அதில் மிகுதி. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் எப்படிப் பேசினர் என்பதை அறிய இன்று அறிஞர் அந்நூலை நாடுகின்றனர். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1982இல் அது செர்மனியில் அச்சாயிற்று. 2013இல் அமெரிக்காவில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

நோயாளிகளின் இல்லம்

மொழி தெரிந்ததும் மக்களின் துன்பமும் தெரிந்தது. நோயுற்று நாதியற்றுக் கிடப்போரின் முனகல் இப்போது அவருக்குப் பொருளோடு கேட்டது. ஏறக்குறைய 1550இல் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை அடிகளாரின் முயற்சியால் எழுந்தது. அதை நடத்தியது மக்களின் தருமம். கடலுக்குப் போய் வந்தவர் தம் பாட்டில் ஒரு பங்கைக் கொடுக்க, நோயாளியின் கஞ்சிக்கு அது உதவியது. இன்று நம் மறைமாவட்டங்களில் எத்தனையோ கத்தோலிக்க மருத்துவமனைகளைக் காண்கிறோம். அவற்றின் மூத்த அக்காள் என்று அந்தச் சிறு கட்டடத்தைச் சொல்லலாம்.

வாரந்தோறும் ஒழுங்கான ஞானோபதேசமும் நடந்தது. சவேரியார் வகுத்த முறைப்படி பெண்கள் சனிக்கிழமையும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் கோவிலுக்கு வந்தனர். சிறுவருக்கு நாள்தோறும் செபம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. கணக்கப்பிள்ளைமார் இதற்குத் தூணாய் நின்றனர். அடிகளார் ஓர் ஊரிலேயே இராமல் கரை நெடுகிலும் நடந்தார்.

அமைதியான காலமும் அல்ல அது. கடலிலும் கரையிலும் அரசர்களும் படைத்தலைவர்களும் முத்துக்காகவும் வரிக்காகவும் மோதிக்கொண்டனர். போர்த்துக்கீசியரும் அந்தச் சண்டையில் ஒரு கட்சி. அவர்களுடைய அதிகாரிகளிலும் பேராசைக்காரர் இருந்தனர். இடையில் நசுங்கியவர்கள் எளிய மக்கள். 1553இல் புன்னைக்காயல் எதிரிகளிடம் வீழ்ந்தபோது அடிகளாரும் சிறைப்பட்டுப் பின்னரே விடுதலையானார். 1560இல் மதுரை நாயக்கரின் படை தூத்துக்குடிப் பக்கம் வந்தபோது மக்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து மன்னார்த் தீவுக்குக் குடிபெயர்ந்தனர். அடிகளாரும் சில ஆண்டுகள் அங்கே அவர்களோடு இருந்தார். மந்தை எங்கேயோ மேய்ப்பரும் அங்கே!

எழுத்து அச்சேறிய நாள்

1576இல் தலைமைப் பொறுப்பிலிருந்து அடிகளார் விடுவிக்கப்பட்டார். வயது ஐம்பத்தாறு, உடலோ முன்பே நலிந்தது. ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அப்போதுதான் அடுத்த வேலையைக் கையிலெடுத்தார். குரு ஆண்டுக்குச் சிலமுறை வருவார், போவார். வராத நாட்களில் மக்கள் கையில் என்ன இருக்கும்? தமிழில் நூல் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை.

1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமை எழுத்தில் இருந்தன. அந்நியக் குருவுக்கு அது உதவும். ஓலை படித்த கணக்கப்பிள்ளைக்கு உதவாது. தமிழ் எழுத்தே வேண்டும். கோவாவில் 1556இலேயே அச்சியந்திரம் வந்து சேர்ந்துவிட்டது. சேசு சபைச் சகோதரர் யுவான் கொன்சால்வஸ் 1577இல் கோவாவிலும், யோவான் தெ பாரியா அடிகள் 1578இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துக்களை வார்த்தனர். செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முத்துக்குளித்துறைப் பரதவரே மனமுவந்து காணிக்கை திரட்டிக் கொடுத்தனர். மூச்சடக்கிக் கடலடியில் மூழ்கி எடுத்த முத்தின் விலை, தமிழ் எழுத்தாய் உருவெடுத்தது.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். போர்த்துக்கீசிய ஞானோபதேசச் சுருக்கத்தை அடிகளார் மனுவேல் தெ சான் பேத்ரு அடிகளோடு சேர்ந்து தமிழாக்கியது அது. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறி, இன்றும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாய் உள்ள நூல்களில் மிகப் பழையது இதுவே. ஒரே ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14இல், கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. குருவும் சீடனும் வினாவி விடை சொல்லும் முறையில் அமைந்த அது, நாம் சிறுவயதில் படித்த ஞானோபதேச வினாவிடைக்கு மூதாதை.

1580இல் வெளிவந்த மூன்றாம் நூலைப் பற்றி நாம் தனியே சொல்லியாக வேண்டும். அதன் பெயர் கொம்பெசியோனாயிரு. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படி ஆயத்தம் செய்வது, ஆன்ம சோதனை எப்படிச் செய்வது என்று மக்களுக்கும், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று குருக்களுக்கும் உதவும் நூல் அது. துபாசி வழியே நடந்த அந்தப் பழைய பாவசங்கீர்த்தனத்தை அடிகளார் மறக்கவேயில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதற்கு விடையாக ஒரு நூலையே படைத்தார்!

1586இல் வந்தது அடியார் வரலாறு. ஆண்டு முழுவதும் வரும் திருநாட்களையும் புனிதர்களின் வாழ்க்கையையும் கூறும் 669 பக்கப் பெருநூல். தமிழ் உரைநடை வளராத காலத்தில், அறுபத்தாறு வயது முதியவர் அத்துணை பக்கங்களை உரைநடையில் தந்தார். அதன் தமிழ் பண்டிதர் தமிழன்று. போர்த்துக்கீசியச் சொற்கள் விரவிவரும். கடற்கரைப் பேச்சு மணக்கும். பின்வந்த தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் ஏறிய சிகரங்களில் அடிகளார் ஏறவில்லை என்பது உண்மையே. ஆனால் மலையேறுவோருக்கு முதலில் அடிவாரத்தில் பாதை வேண்டும். அதை வெட்டியவர் இவர். நெடுங்காலம் மறைந்து கிடந்த இந்நூல்களை 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் ஆராய்ந்து தமிழுலகுக்கு அறிவித்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகள் அடியார் வரலாற்றைத் தூத்துக்குடியில் மறுபதிப்புச் செய்தார்.

இறுதி நாட்கள்

1600ஆம் ஆண்டில், தாம் மருத்துவமனை எழுப்பிய அதே புன்னைக்காயலில், அடிகளார் உயிர் நீத்தார். வயது எண்பதை எட்டியிருந்தது. உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. கிறிஸ்தவர் மட்டுமன்றி அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் அவருக்காகத் துக்கம் கொண்டாடினர். அவர் இளைஞராய் வந்திறங்கியபோது பாலருந்திய குழந்தைகள் அன்று பேரன் பேத்தி எடுத்த கிழவராய் நின்று அழுதிருப்பார்கள்.

நமக்குரிய பாடம்

நம் பாட்டிமார் இலத்தீன் பூசையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த காலத்தை முதியோர் நினைவில் வைத்திருப்பர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி முழுவதும் தமிழில் கேட்கும் பேறு நமக்குக் கிட்டியது. மக்கள் மொழியில் இறைவனை வழிபடுவது புதுமை என்று சிலர் அன்று முணுமுணுத்தனர். அந்தப் புதுமைக்கான விதை புன்னைக்காயல் மணலில் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது.

ஆனால் நன்றி சொல்வதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. வேலை தேடி நம் ஊர்களுக்கு வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளரை நாம் நாள்தோறும் காண்கிறோம். சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோரில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவிலின் கடைசி வரிசையில் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், சிலுவை அடையாளம் மட்டும் போட்டுக்கொண்டு திரும்புகிறவர் யார் என்று நாம் என்றாவது கேட்டோமா? நோயுற்றால் மருத்துவரிடம் அவர் எந்த மொழியில் சொல்வார்? அன்று துபாசியின் முன் வாய் திறவாமல் திரும்பிப்போன நம் மூதாட்டியின் நிலையில் இன்று நிற்பவர் அவரே.

அவரைத் தமிழ் கற்கச் சொல்வது எளிது. வந்தவருக்காக நாம் பத்துச் சொல் கற்பது அண்ட்ரிக் அடிகளாரின் வழி. அவருடைய பெயர் என்ன, ஊர் எது, பிள்ளைகள் நலமா என்று அவருடைய மொழியில் கேட்க நம் பங்கில் இரண்டு இளைஞர் கற்றுக்கொண்டால், இந்த யூபிலிக்கு நாம் எழுப்பும் எந்தக் கட்டடத்தினும் அது உயர்ந்து நிற்கும். நம் தமிழ்நாட்டிலிருந்து வடநாட்டு மறைபரப்புத் தளங்களுக்குச் சென்ற குருக்களும் கன்னியரும் அங்குள்ள மக்களின் மொழிகளைக் கற்றுத் தொண்டாற்றி வருகின்றனர். அவர்கள் அங்கே செய்வதை நாம் இங்கே செய்யலாகாதா?

பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்டவர், யாரையும் ஒதுக்காதவரானார். கற்பிக்க வந்தவர், முதலில் கற்றார். பேசுவதற்கு முன் கேட்டார். அன்புள்ள பங்கு மக்களே, நம் தாய்மொழியில் நாம் செபிக்கும்போதெல்லாம் அந்த நோயாளிக் குருவை நன்றியோடு நினைப்போமாக. நம்மிடையே மொழி தெரியாமல் நிற்கும் ஒருவருக்கு இந்த யூபிலி ஆண்டிலேயே நம் செவியைத் திறந்து கொடுப்போமாக.